கட்லெட் வேறு, பஜ்ஜி வேறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் நாலு மணி தாண்டிவிட்டால் சென்னையில் எந்தத் தெருவில் நின்றாலும் பக்கத்தில் எங்கோ ஒரு வாணலி காய்ந்துகொண்டிருக்கும். அதிலிருந்து வெளியே வருவதையெல்லாம் 'எண்ணெய்ப் பலகாரம்' என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவது நம் வழக்கம். சாப்பிடுகிறவருக்கு அது போதும். வீட்டில் அடுப்படியில் நிற்பவருக்குப் போதாது. கட்லெட்டுக்கு உரிய பக்குவத்தை பஜ்ஜிக்குச் செய்தாலும், பஜ்ஜிக்கு உரியதைக் கட்லெட்டுக்குச் செய்தாலும் கெட்டுப்போகும். சமைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

எண்ணெய்க்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பஜ்ஜியில் கரைத்த மாவு பச்சையாக எண்ணெயில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் வாழைக்காயும் பச்சை. இரண்டும் வாணலியில்தான் வெந்தாக வேண்டும். கட்லெட்டில் கிழங்கு, காய், மசாலா எல்லாமே ஏற்கெனவே வெந்தவை. அவற்றைப் பிசைந்து தட்டி, மேலே பிரெட் தூள் ஒட்டி எண்ணெயில் போடுகிறோம். அங்கே எண்ணெய்க்கு வேகவைக்கும் வேலை இல்லை. மேல்பக்கத்தை முறுகவைத்து, நிறம் கொடுத்து, உள்ளே சூடேற்றினால் போதும்.

தட்டையாக இருந்தால் கட்லெட், உருண்டையாக இருந்தால் போண்டா என்று வடிவத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். அது எங்கும் கொண்டுபோய் விடாது. பச்சை மாவு எண்ணெயில் வேகிறதா, வெந்த பூரணம் எண்ணெயில் முறுகுகிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்தே கீழே உள்ள சந்தேகங்களில் பாதியைத் தீர்த்துவிடலாம்.

பஜ்ஜி, பக்கோடா, போண்டா மூன்றும் ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம்தான். ஒரு வில்லையை மாவில் தோய்த்துப் போட்டால் பஜ்ஜி. வெங்காயத்தையோ முந்திரியையோ மாவோடு பிசறி உதிர்த்துப் போட்டால் பக்கோடா. மசாலாவை உருட்டி மாவில் முக்கிப் போட்டால் போண்டா. பிரெட் பஜ்ஜி, முட்டை போண்டா, தள்ளுவண்டியில் விற்கும் காலிஃபிளவர் 65, கேரளத்து டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீட்டிப் படுத்திருக்கும் பழம்பொரி எல்லாம் இந்த வரிசைதான். ஜப்பான்காரர்களின் தெம்புராவையும் சேர்த்துக்கொள்ளலாம். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே போன போர்த்துக்கீசியர்கள் மாவில் தோய்த்துப் பொரித்ததைப் பார்த்து வளர்ந்த பலகாரம் அது.

உருளைக்கிழங்கு போண்டாவுக்குள்ளும் வெந்த மசாலாதானே இருக்கிறது? அது ஏன் கட்லெட் இல்லை? என் மாமியாரிடம் இதைச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

மாமியார் பக்கம்தான் நியாயம், ஆனால் நீங்கள் கேட்டதும் நல்ல கேள்வி. உருளைக்கிழங்கு போண்டா நடுவில் நிற்கிற ஆள். உள்ளே கட்லெட், வெளியே பஜ்ஜி. இருந்தாலும் அதைப் போண்டாவாக்குவது மேலே உள்ள கடலை மாவுதான். அந்த மாவு பச்சையாகப் போய் எண்ணெயில் வேகிறது. அது வேகும்வரை போண்டாவை எடுக்க முடியாது. அதே மசாலாவை உருட்டாமல் தட்டி, மைதா கரைசலில் முக்கி, பிரெட் தூளில் புரட்டினால் கட்லெட் ஆகிவிடும்.

ஊர் மாறினால் பெயரும் மாறும். மும்பையில் பாவுக்குள் வைத்துக் கொடுக்கும் வடா நம் உருளைக்கிழங்கு போண்டாதான். கொல்கத்தாவில் ஆலு சாப் என்று கேட்டாலும் ஏறக்குறைய அதுவே தட்டையாக வரும். பெயரை நம்பி ஆர்டர் செய்யாமல், வாணலியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வடை எதில் சேரும்?

இரண்டிலும் சேராது. ஊறவைத்த பருப்பை அரைத்து அதையே தட்டிப் போடுகிறோம். மேலே போர்வை கிடையாது. மாவே பலகாரம், பலகாரமே மாவு. பச்சையாக எண்ணெயில் இறங்குவதால் பஜ்ஜிக்குப் பங்காளி என்று சொல்லலாம். மசால் வடை தட்டையாக இருப்பதால் அதைப் 'பருப்பு கட்லெட்' என்று எழுதிவைக்கும் மெனு கார்டுகள் உண்டு. வேண்டாம். நம்மூர் மைசூர் போண்டாவும் உளுந்து அரைத்துச் செய்வதால் அது போண்டா வேஷம் போட்ட வடைதான்.

கோலா உருண்டை?

இங்கேதான் நான் சொன்ன கணக்கு இடிக்கும். கொத்துக்கறியைச் சிலர் வதக்கி அரைப்பார்கள், சிலர் பச்சையாகவே அரைப்பார்கள். பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டுவார்கள். பிரெட் தூள் கிடையாது, தோய்க்கும் மாவும் கிடையாது. அதைத் தனியாக விட்டுவிடுவதே மரியாதை.

வெளிநாட்டில் கட்லெட் என்றால் எலும்போடு வரும் கறித்துண்டாமே?

உண்மைதான். ஐரோப்பியச் சமையலில் அது ஆட்டின் அல்லது கன்றின் விலாப்பகுதிச் சதை. எலும்போடும் வரும், தட்டி மெல்லிசாக்கி முட்டையில் முக்கி ரொட்டித்தூள் ஒட்டியும் வரும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தபோது கறி கொத்துக்கறியானது, அதோடு உருளைக்கிழங்கு சேர்ந்தது, பச்சைமிளகாயும் இஞ்சியும் சேர்ந்தன. கிளப்புகளும் ரயில்வே சாப்பாட்டு அறைகளும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளும் அதை வளர்த்தன. பிறகு சைவர்களுக்காகக் கறியும் போய், கிழங்கும் காயும் மட்டும் நின்றன. ரொட்டித்தூள் போர்வை மட்டும் கடைசிவரை தங்கிவிட்டது.

சென்னையில் பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சமையலில் இதன் பழைய சாயலைப் பார்க்கலாம். மசித்த கிழங்கைக் கிண்ணம்போல் குழித்து, உள்ளே வதக்கிய கொத்துக்கறி வைத்து மூடி, முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரிக்கும் 'பொட்டேட்டோ சாப்' அதில் ஒன்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் கட்லெட் என்றாலே மீன். டின் மீனும் கிழங்கும் மிளகும் சேர்த்துச் சின்ன உருண்டையாகப் பிடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். உருண்டையாக இருப்பதால் அது போண்டா ஆகிவிடவில்லை, கவனியுங்கள்.

ரயிலில் ஏன் எப்போதும் கட்லெட்தான் கொடுக்கிறார்கள்? பஜ்ஜி ஏன் இல்லை?

சதாப்தியில் காலையில் ஏறியவர்களுக்குத் தெரியும்: இரண்டு கட்லெட், இரண்டு பிரெட், ஒரு வெண்ணெய், ஒரு சாஸ் பாக்கெட். காரணம் எளிது. உள்ளே வெந்தது, வெளியே உலர்ந்த தோல். அதனால் எங்கோ ஒரு சமையற்கூடத்தில் செய்து, பெட்டியில் அடுக்கி, வண்டியில் சூடுபண்ணிக் கொடுத்தாலும் கட்லெட் ஓரளவு கட்லெட்டாகவே இருக்கும். பஜ்ஜிக்கு அந்தப் பொறுமை கிடையாது. வாழைக்காயிலிருந்து கிளம்பும் ஆவி மேல்மாவில் இறங்கிக் கால்மணி நேரத்தில் நமத்துவிடும். மூடி வைத்தால் இன்னும் சீக்கிரம்.

அந்தக் கட்லெட் ஏன் சிவப்பாக இருக்கிறது?

பீட்ரூட். விலை குறைவு, நிறம் தூக்கல், மெல்லிய இனிப்பு. கேரளத்தில் இந்தியன் காபி ஹவுஸ் கட்லெட்டிலும் அதே கதை. வீட்டில் சேர்ப்பதாக இருந்தால் துருவி, தனியே வதக்கி, நீர் வற்றிய பிறகுதான் கிழங்கோடு சேர்க்க வேண்டும். பச்சையாகத் துருவிப் போட்டால் உப்புப் பட்டதும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கப்புறம் அடுத்த கேள்விக்கு வந்து நிற்பீர்கள்.

என் கட்லெட் எண்ணெயில் போட்டதும் உடைகிறது. என்ன செய்ய?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே.

உடைவதற்குக் காரணம் ஈரம். உள்ளே இருக்கும் நீர் சூடு பட்டு ஆவியாகும். வெளியே வர வழி தேடும். வழி இல்லையென்றால் மேல்தோலைப் பிளந்துகொண்டு வரும். வந்ததும் எண்ணெய் உள்ளே புகும், கிழங்கு கரையும், வாணலி முழுக்கக் கஞ்சி.

எனவே முதல் வேலை கிழங்கில் தொடங்குகிறது. நறுக்கிக் குக்கரில் போடாதீர்கள். வெட்டிய பக்கமெல்லாம் தண்ணீர் ஏறும். தோலோடு முழுசாக வேகவையுங்கள். புதுக் கிழங்கு மெழுகுபோல் வழுவழுப்பாக இருக்கும், கட்லெட்டுக்கு ஒத்துவராது. கொஞ்சம் பழைய கிழங்காக, வெந்ததும் தானே மாவுமாவாக விரிவதாகப் பார்த்து வாங்குங்கள். சூட்டோடு தோலுரித்து, ஒரு தட்டில் உடைத்துப் பரப்பி, ஆவி போக விடுங்கள். ஆவி அடங்கியதும் கையாலோ மசிப்பானாலோ மசியுங்கள். மிக்ஸியில் போட்டு அரைத்தால் கிழங்கின் மாவுச்சத்தெல்லாம் வெளியே வந்து பசையாகிவிடும். சாப்பிடும்போது பல்லில் ஒட்டும்.

அப்புறம் காய். பட்டாணி, கேரட், பீன்ஸை ஆவியில் வேகவைத்துத் துணியில் போட்டு உதறுங்கள். வெங்காயத்தை நன்றாக வதக்கி நீர் வற்றவிடுங்கள். கொத்தமல்லியைக் கழுவிய ஈரத்தோடு நறுக்கிப் போடுவதைப் பலர் கவனிப்பதே இல்லை. கடைசியில் பிழியும் எலுமிச்சை ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். புளிப்பு வேண்டுமானால் ஆம்சூர் தூள் (உலர்ந்த மாங்காய்ப் பொடி) போடுங்கள்.

கலவை கையில் ஒட்டாமல் உருண்டு வர வேண்டும். ஒட்டினால் அவலைப் பொடித்தோ, உலர்ந்த பிரெட் துண்டை உதிர்த்தோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கார்ன்ஃப்ளாரை அள்ளிக் கொட்டினாலும் உடையாதுதான், ஆனால் ரப்பர் மாதிரி இழுக்கும். அரை கிலோ கிழங்கில் பத்துப் பன்னிரண்டு கட்லெட் வரும். தட்டியதும் ஓரங்களைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் ஈரவிரலால் தடவி மூடிவிடுங்கள், எண்ணெய் அந்த வெடிப்பைத்தான் முதலில் தேடிப் போகும்.

பிரெட் தூள் ஒட்டியதும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இது பலர் தாண்டிவிடும் படி. குளிர்ந்தால் கலவை இறுகும், தூளும் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒட்டிப் பிடிக்கும். பிறகு காய்ந்த எண்ணெயில் மூன்று நான்காகப் போடுங்கள். பத்தைச் சேர்த்துப் போட்டால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். போட்டவுடன் கரண்டியால் நோண்டாமல், அடிப்பக்கம் சிவந்த பிறகு திருப்புங்கள்.

முட்டை இல்லாமல் பிரெட் தூள் ஒட்டுமா?

தாராளமாக. மூன்று ஸ்பூன் மைதாவும் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளாரும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரையுங்கள். ஒரு கையால் கரைசலில் முக்குங்கள், மறு கையால் தூளில் புரட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே கையைப் பயன்படுத்தினால் நாலாவது கட்லெட்டில் விரலுக்கே கட்லெட் தோல் வந்துவிடும். கரைசல் கெட்டியாக இருந்தால் தோல் தனியாக, கிழங்கு தனியாகக் கழன்றுகொள்ளும்.

பிரெட் தூளுக்குப் பதில் வேறு என்ன போடலாம்?

ரஸ்க்கைப் பொடித்துப் போடலாம், ஆனால் அதில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும். ரவை நன்றாக மொறுமொறுக்கும், ஆறினால் கடிப்பது கஷ்டம். சேமியாவை நொறுக்கி ஒட்டினால் முள்முள்ளாக அழகாக இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். வீட்டில் மிஞ்சிய பிரெட் ஓரங்களை வெயிலில் காயவைத்து மிக்ஸியில் கொரகொரப்பாக ஒரு சுற்று விடுங்கள். கடையில் வாங்கும் தூளைவிட அதுவே மேல் என்பேன்.

பஜ்ஜி மாவுக்கு என்ன அளவு?

ஒரு கப் கடலை மாவுக்குக் கால் கப் அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. கடலை மாவு மட்டும் போட்டால் மெத்தென்று வந்து சீக்கிரம் தளர்ந்துவிடும். மொறுமொறுப்பு அரிசி மாவின் வேலை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரையுங்கள். வாழைக்காய் வில்லையைத் தோய்த்துத் தூக்கினால் மாவு வில்லையில் படிந்து நிற்க வேண்டும், சொட்டுச் சொட்டாக ஒழுகக் கூடாது.

மெரினாவில் பஜ்ஜி போடுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம். வில்லையை மாவில் அழுத்திப் புரட்டி, தூக்கும்போது ஒரு பக்கத்தைப் பாத்திரத்தின் விளிம்பில் லேசாக வழித்துவிட்டு எண்ணெயில் வழுக்கவிடுவார். அதிகப்படி மாவு அங்கேயே நின்றுவிடும், வால் முளைக்காது. உடனே ஜல்லிக்கரண்டியால் சுற்றியுள்ள எண்ணெயை அள்ளி பஜ்ஜியின் முதுகில் தெளிப்பார். மேல்பக்கமும் உடனே இறுகும், உள்ளே ஆவி சிக்கிக்கொண்டு பஜ்ஜி உப்பும். திருப்புவது அதற்கப்புறம்தான்.

வாழைக்காயில் மொந்தன் ரகம் பஜ்ஜிக்கு வாகானது. தண்ணீரில் நறுக்கிப் போட்டால் கறுக்காது. ஆனால் தோய்ப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள், ஈரத்தில் மாவு பிடிக்காது. மிளகாய்க்கு வெளிர்பச்சையில் நீளமாக இருக்கும் பஜ்ஜி மிளகாய். கிழங்கு வில்லை போடுவதாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்த பச்சைக் கிழங்கு வேண்டாம். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும்.

வெங்காயப் பக்கோடாவுக்கும் இதே மாவா?

பொருள் அதேதான், தண்ணீர் மட்டும் கிடையாது. நறுக்கிய வெங்காயத்தில் முதலில் உப்பைப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் விடுங்கள். அது விடும் நீரே மாவைப் பிடிக்கப் போதும். தெளித்தாக வேண்டுமென்றால் கையளவு தெளியுங்கள். கரைத்து ஊற்றினால் மெதுபக்கோடா வரும், டீக்கடை மொறுமொறுப்பு வராது.

ஆப்பசோடா போடலாமா?

ஒரு கப் மாவுக்கு ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் மாவு முழுக்க ஓட்டை விழுந்து எண்ணெய் குடிக்கும், நாக்கில் சோப்பு வாடை அடிக்கும். சீக்கிரம் சிவந்து, வெந்துவிட்டதாக ஏமாற்றவும் செய்யும். மாவில் மஞ்சள்தூள் சேர்க்கும் வழக்கம் உள்ளவர்கள் சில சமயம் பஜ்ஜியில் சிவப்புத் திட்டுகளைப் பார்த்துப் பயந்துபோவார்கள். ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கரைக்கும்போது சிவக்கிற அதே சங்கதிதான். சோடா சரியாகக் கலக்காமல் கட்டியாக நின்ற இடம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கட்லெட்டுக்குச் சோடாவே வேண்டாம். அங்கே உப்ப வேண்டியது எதுவுமில்லை.

எண்ணெய் காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெர்மாமீட்டர் இருந்தால் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் பஜ்ஜிக்கு ஒரு சொட்டு மாவு விடுங்கள். அடியில் போய்த் தொட்டுவிட்டு உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் காயவில்லை. விட்ட கணமே கருகினால் அதிகம். கட்லெட்டுக்கு ஒரு சிட்டிகை பிரெட் தூள் போடுங்கள், சுற்றிலும் குமிழி கட்டினால் போதும்.

போட்ட பிறகு பஜ்ஜிக்குத் தீயை மிதமாக்குங்கள், உள்ளே வேக நேரம் வேண்டும். கட்லெட்டுக்கு அது தேவையில்லை. சற்றே தூக்கலான சூட்டில் போட்டு, சிவந்ததும் எடுத்துவிடுங்கள். குறைந்த தீயில் கட்லெட்டை ஊறப்போட்டால் தூள் எண்ணெயை இழுத்துக்கொண்டு கழன்றுவிடும். பச்சைக் கொத்துக்கறியிலோ பச்சை மீனிலோ கட்லெட் செய்கிறவர்கள் மட்டும் பஜ்ஜியின் கணக்குக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே கறி எண்ணெயில்தான் வேகிறது.

எது அதிகம் எண்ணெய் குடிக்கும்?

பொரிக்கும் விதத்தைப் பொறுத்தது. கட்லெட்டை தோசைக்கல்லில் நாலு ஸ்பூன் எண்ணெய் விட்டே இரண்டு பக்கமும் முறுகவைக்கலாம். உள்ளே வெந்தது என்பதால் இந்தச் சலுகை. பஜ்ஜிக்கு அது கிடையாது, முங்கினால்தான் வேகும். வாணலியில் முக்கிப் பொரித்தால் கட்லெட்டின் தூளும் நன்றாகவே குடிக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பலகாரம் எண்ணெயில் கிடக்கும்போது குடிப்பதைவிட வெளியே எடுத்து ஆறும்போது குடிப்பதே அதிகம். கொதிக்கும்வரை உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எடுத்ததும் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் எடுத்த கையோடு உதறி, வடிதட்டில் தனித்தனியாகச் சாய்த்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள்.

செய்தித்தாளில் வைத்து அழுத்துவதை நிறுத்திவிடலாம். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. டீக்கடைகளில் இன்னும் வாரப் பத்திரிகைதான் கைக்கு வருகிறது. வாழையிலைத் துண்டு கேட்டால் சில கடைக்காரர்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

ஏர் ஃபிரையரில் செய்யலாமா?

கட்லெட் செய்யலாம். மேலே எண்ணெய் தடவி, நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். நிறம் ஒரே சீராக வராது, சுவை பரவாயில்லை. பஜ்ஜி செய்ய முடியாது. மாவு இறுகுவதற்குள் கம்பி வழியாக ஒழுகிவிடும். 'ஏர் ஃபிரையர் பஜ்ஜி' என்று வரும் வீடியோக்களில் மாவைப் பிசைந்து ஒட்டியிருப்பார்கள். அது வேறு ஏதோ நல்ல பலகாரமாக இருக்கலாம்.

முதல் நாளே செய்து வைக்கலாமா?

கட்லெட்டை வைக்கலாம். தூள் ஒட்டி, பொரிக்காமல், இடைவெளிவிட்டு ஃபிரீசரில் இறுகவைத்துப் பிறகு டப்பாவில் அடுக்குங்கள். ஒரு மாதம் தாங்கும். எடுத்ததும் அப்படியே மிதமான சூட்டில் பொரியுங்கள். உருகவிட்டால் ஈரம் கசிந்து மறுபடியும் உடையும் கதை. பஜ்ஜிக்கு உலர்ந்த மாவைக் கலந்து வைக்கலாம், அவ்வளவே. கரைப்பது அடுப்பு ஏற்றிய பிறகு.

ஒரே எண்ணெயில் இரண்டையும் பொரிக்கலாமா?

முதலில் பஜ்ஜி, பிறகு கட்லெட். மாற்றிச் செய்தால் கட்லெட்டிலிருந்து உதிர்ந்த தூள் அடியில் கருகி, பஜ்ஜி முழுக்கக் கரும்புள்ளி ஒட்டும். மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, சீக்கிரமே தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். நுரை கட்டினாலோ, நிறம் கறுத்துப் பிசுபிசுத்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. கடைகளுக்கு இதில் சட்டமே இருக்கிறது. எண்ணெய் மீண்டும் மீண்டும் காயும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதி. நம் மூக்குக்கே அது தெரியும், காறல் வாடை வருகிற கடையில் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள?

பஜ்ஜிக்குத் தேங்காய்ச் சட்னியும் காரச் சட்னியும். கட்லெட்டுக்குத் தக்காளி சாஸ் என்பது பேக்கரிப் பழக்கம். புதினாச் சட்னி அதைவிடப் பொருந்தும். மலையாளிகள் வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி வினிகரும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து வைப்பார்கள். ஒருமுறை அதோடு சாப்பிட்டால் சாஸ் பாட்டிலை மறந்துவிடுவீர்கள்.

சென்னையில் எங்கே எதைச் சாப்பிடலாம்?

பஜ்ஜிக்கு மயிலாப்பூர் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே எடுத்துக் கொடுக்கும் ஜன்னல் கடை பெயர்பெற்றது. மிளகாய் பஜ்ஜிக்கு மெரினாவும் பெசன்ட் நகர் கடற்கரையும். கடற்காற்றில் கொஞ்சம் மணலும் சேரும், பொருட்படுத்தாதீர்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் திருவல்லிக்கேணிப் பக்கம் போனால் கஞ்சியோடு வடை, பஜ்ஜி, கட்லெட் மூன்றும் ஒரே இடத்தில் அகப்படும்.

கட்லெட்டுக்கு என்னைக் கேட்டால் சாட் தள்ளுவண்டிதான். தவாவில் கட்லெட்டைக் கரண்டி முனையால் குத்தி உடைத்து, பட்டாணி மசாலாவை ஊற்றிக் கிண்டி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுப்பார்கள். பக்கத்து வண்டியில் கோயம்புத்தூர்க்காரர்கள் கொண்டுவந்த 'காளான்' இருக்கும். முட்டைக்கோஸும் காளானும் மாவில் பிசறிப் பொரித்த பக்கோடாவை உடைத்து மசாலாவில் கிண்டியது அது. இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டால் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். கட்லெட் மசாலாவோடு கரைந்து ஒன்றாகிவிடும். காளான் சாற்றை உறிஞ்சிக்கொண்டு துண்டு துண்டாகவே நிற்கும்.

பெண் பார்க்க வருகிறார்கள். பஜ்ஜிக்குப் பதில் கட்லெட் வைத்தால் தப்பா?

சொஜ்ஜியும் பஜ்ஜியும் இல்லாமல் பெண் பார்த்ததாகக் கணக்கில் வராது என்று சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். ஆனால் நடைமுறையில் கட்லெட் வசதி. மாப்பிள்ளை வீட்டார் தாம்பரத்தில் டிராஃபிக்கில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் தட்டி வைத்ததை அப்போது பொரித்துக்கொள்ளலாம், யாரும் மாவுக்கையோடு ஓட வேண்டாம். பஜ்ஜிதான் என்று முடிவானால் வாழைக்காயைச் சீவி, மாவைக் கலந்து தயாராக வைத்துவிட்டு, அவர்கள் செருப்பைக் கழற்றும்போது அடுப்பைப் பற்றவையுங்கள்.

மிச்சமானால் என்ன செய்வது?

பஜ்ஜியை மறுபடி எண்ணெயில் போடாதீர்கள், இரட்டிப்பாகக் குடிக்கும். பக்கோடாவோ மசால் வடையோ மிஞ்சினால் வழி நிறைய. மோர்க்குழம்பை இறக்கும்போது போட்டுவிடலாம். இல்லையென்றால் வடைகளை உதிர்த்து, சோம்பு பட்டை தாளித்த வெங்காயம் தக்காளி மசாலாவில் கொதிக்கவிட்டால் சைதாப்பேட்டைப் பாணியில் வடகறி, காலை இட்லிக்கு ஆயிற்று. கட்லெட்டைக் குழம்பில் போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். அதை இரண்டு பிரெட்டுக்கு நடுவில் வைத்து, புதினாச் சட்னி தடவி, தோசைக்கல்லில் அழுத்திச் சுட்டுப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் போட்டு அனுப்புங்கள்.